இடது முன் சக்கரம்

7

முதல் அடி கணவனின் தோளில் விழுந்தது. இரண்டாவது அடி அவன் மண்டையைக் குறிவைத்து இறங்கியது. குறுக்கே புகுந்து அதை வாங்கிக்கொண்டது லொடுக்கின் முழங்கை.

"ஐயோ! சார், நான் இந்தக் குடும்பத்துக்குச் சொந்தமே இல்ல சார்!"

அடித்தவன் காதில் வாங்கவில்லை. அவன் கையில் சக்கர நட்டைக் கழற்றும் இரும்பு ஸ்பானர் இருந்தது. ஊரில் பாதி வண்டிகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக் அவன். இறந்துபோனவளுக்குக் கூடப் பிறந்த அண்ணன். தங்கையை அடக்கம் செய்த கையோடு நேராக அவள் வீட்டுக் கார் ஷெட்டுக்கு வந்து, அவள் கணவனைச் சுவரோரம் தள்ளி அடித்துக்கொண்டிருந்தான். கணவனின் உதடு கிழிந்து சட்டை நனைந்திருந்தது. ஷெட் தரையில் ரத்தமும் பழைய ஆயில் கறையும் ஒன்றாகக் கிடந்தன.

"பிரேக்குல கை வைக்க நீ யாருடா? கண்ணாடிக் கடை வச்சிருக்கறவன் கண்ணாடியைத் துடைடா! என் பாப்பாவைக் கொன்னுட்டியேடா!"

மூன்றாவது அடிக்கு ஸ்பானர் உயர்ந்தது. விழுந்திருந்தால் இந்த அத்தியாயம் இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் குபீரென்று தண்ணீர் மெக்கானிக்கின் முகத்தில் பாய்ந்தது. வண்டி கழுவும் ரப்பர் குழாயைப் பிடித்தபடி, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள் துருவி.

அது அவள் பெயர் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தபோது விபத்துக் கார்களைத் துருவித் துருவிப் பார்த்து, பொய் சொல்கிறவர்களை அழ வைத்தவள். அந்தக் காலத்தில் ஒட்டிய பட்டம் அது. இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். லொடுக்கு அவளுடைய உதவியாளன். வாய் மூடாத பிறவி. கல்யாணமாகி மாமனார் வீட்டிலும் அதே பெயர்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"இன்னொரு அடி விழுந்தா நீங்கதான் உள்ள போவீங்க. ஸ்பானரைக் கீழ போடுங்க" என்றாள் துருவி.

மெக்கானிக் முகத்தைத் துடைத்துக்கொண்டான். தண்ணீரோடு கண்ணீரும் வழிந்தது. "சாயங்காலத்துக்குள்ள போலீஸ் இவனைப் பிடிக்கலைன்னா நான் பிடிப்பேன். அப்ப நீங்க தண்ணி ஊத்தினாலும் நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

லொடுக்கு முழங்கையைத் தடவிப் பார்த்தான். "மேடம், நம்ம கட்சிக்காரரு உயிரோட இருக்கணும்னா சீக்கிரம் நிரபராதி ஆகணும். ஆக முடியுமான்னு கேட்டுச் சொல்லுங்க. இல்லைன்னா நான் இப்பவே ஆஸ்பத்திரி போறேன்."

---

போலீஸ் ஸ்டேஷன் பின்புறத்தில் அந்தக் கார் நின்றது. நின்றது என்பது மரியாதைக்குச் சொல்வது. இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் பாய்ந்து, லாரியின் பின்பக்கம் மோதி, இஞ்சின் ஓட்டுநர் இருக்கை வரை வந்திருந்தது. ஸ்டியரிங் நெஞ்சு உயரத்தில் மடங்கிக் கிடந்தது. இருக்கையில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. கால் வைக்கும் இடத்தில் ஒற்றைச் செருப்பு. பிரேக் மிதி தரையோடு தரையாக ஒட்டியிருந்தது. கடைசி நொடி வரை அவள் அதை மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

இன்ஸ்பெக்டர் குனிந்து இடது முன் சக்கரத்தின் பின்னால் டார்ச் அடித்தார்.

"இந்தச் சின்ன நிப்பிள் தெரியுதா துருவியம்மா? பிரேக் ஆயில்ல காத்து ஏறிட்டா இதைத் திறந்துதான் வெளியேத்துவாங்க. பிரேக் பேட் மாத்தறதுக்கு இதைத் தொடவே வேண்டாம். இது லூசா இருக்கு. மிதிக்க மிதிக்க ஆயில் ஒழுகிட்டே போயிருக்கு. இறக்கத்துக்கு வந்தப்ப ஒண்ணுமே மிச்சமில்ல."

"புருஷன்தான் திறந்தானா?"

"வேற யாரு? முந்தின நாள் சாயங்காலம் அவனே ஷெட்ல உக்காந்து பேட் மாத்தியிருக்கான். வாழ்க்கையில முதல் தடவை. போனைப் பார்த்துக் கத்துக்கிட்டானாம். தெரியாம திறந்தானா, வேணும்னே திறந்தானாங்கறதுதான் கேள்வி. புருஷன் பொண்டாட்டிக்குள்ள தினம் சண்டைன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. சாயங்காலம் கைது பண்றேன்."

துருவி தரையில் மண்டியிட்டுச் சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டு டிஸ்க். மிதியை அழுத்தினால் இரண்டு பக்கமும் இரண்டு பேட்கள் அதை நெருக்கிப் பிடிக்கும். பேட்டின் ஒரு பக்கம் இரும்பு. மறுபக்கம் சொரசொரப்பான பட்டை. அந்தப் பட்டைதான் டிஸ்க்கைப் பிடிக்க வேண்டும். இங்கே இரண்டு பேட்டுமே புத்தம் புதுசு. இரண்டிலும் பட்டை டிஸ்க்கைப் பார்த்து ஒழுங்காக இருந்தது. டிஸ்க்கில் ஒரு கீறல் இல்லை.

"அழகா மாட்டியிருக்கான்" என்றாள்.

"பொண்டாட்டியைக் கொல்றதுன்னா சில பேரு கவனமாத்தான் வேலை செய்வாங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

---

ஷெட்டுக்குத் திரும்பியதும் துருவி தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். அந்தக் காரும் அதே கம்பெனி, அதே மாடல்; வயது மட்டும் இரண்டு மடங்கு. கணவன் வலது சக்கரத்துக்கென்று வாங்கி, இருட்டிப்போனதால் மாட்டாமல் வைத்திருந்த பேட்கள் அட்டைப்பெட்டியோடு அலமாரியில் இருந்தன.

"அன்னிக்குச் செஞ்சதை இப்ப என் வண்டியில செய்யுங்க. இடது முன் சக்கரம். நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"மேடம், நம்மகிட்ட இருக்கறதே ஒரு வண்டிதான்" என்றான் லொடுக்கு.

"உன் வாயையும்தான் சொன்னேன்."

அவள் பார்க்க நினைத்தது ஒன்றே ஒன்று. அவன் கை அந்த நிப்பிள் பக்கம் போகிறதா, இல்லையா?

வீங்கிய உதட்டோடு கணவன் ஜாக்கியைத் தள்ளி வண்டியைத் தூக்கினான். நட்டு ஒன்று உருண்டு சாக்கடைப் பக்கம் ஓட, லொடுக்கு துரத்திப் பிடித்தான். ஜாக்கியும் ஸ்பானரும் மச்சானின் பட்டறையில் இருந்து வந்தவை என்றும், வேலைக்கு முந்தின நாள் மனைவிதான் போய் வாங்கி வந்தாள் என்றும் கணவன் சொன்னான்.

"மச்சான் பட்டறையே வச்சிருக்காரு. ஜாக்கியைக் கடன் வாங்கினதுக்கு வண்டியையே அங்க விட்டிருக்கலாமே?" என்றாள் துருவி.

"அவருக்கும் எனக்கும் ஒரு மாசமாப் பேச்சில்ல."

"ஏன்?"

கணவன் நட்டைத் திருகிக்கொண்டே இருந்தான். "அவளை அடிச்சுட்டேன். கன்னம் வீங்கிப்போச்சு. கதவுல இடிச்சுக்கிட்டேன்னு அண்ணன்கிட்ட சொன்னா. அவரு நம்பலை."

துருவிக்கு இந்த ஆள் மீது இருந்த பரிதாபத்தில் பாதி அங்கேயே செத்தது. அவனுக்காக வேலை செய்ய வேண்டியிருந்ததில் அவளுக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

"மேடம், அந்த ரெண்டாவது அடியை நான் தடுத்திருக்கக் கூடாது" என்றான் லொடுக்கு.

வேலை நடந்தது. நிப்பிள் பக்கம் அவன் கை போகவே இல்லை. அது என்ன என்று துருவி கேட்டபோது, டயருக்குக் காற்று அடிக்கிற இடமா என்று திருப்பிக் கேட்டான். லொடுக்கு நெற்றியில் அடித்துக்கொண்டான். பிறகு கணவன் புதுப் பேட்களை எடுத்தான். வெளிப்பக்கப் பேட்டைச் சரியாக வைத்தான். உள்பக்கப் பேட்டை எடுத்து, புரட்டிப் பார்த்து, இரும்புப் பக்கம் டிஸ்க்கைப் பார்க்கும்படி வைத்து, தட்டி, திருப்தியோடு தலையாட்டினான்.

துருவி குனிந்து பார்த்தாள். "அன்னிக்கும் இப்படித்தான் வச்சீங்களா?"

"அச்சு அசல் இப்படித்தான். வெளிப்பக்கம் வீடியோல நல்லாத் தெரிஞ்சுது. உள்பக்கத்தை அந்த ஆள் கை மறைச்சிடுச்சு. நானா யோசிச்சேன். சொரசொரப்பான பக்கம் பின்னாடி இருந்தாத்தானே வழுக்காமப் பிடிச்சு நிக்கும்?"

"மாட்டினதும் ஓட்டிப் பார்த்தீங்களா?"

"ஷெட்டுக்குள்ளயே ஒரு முழம் தள்ளிப் பார்த்தேன். நின்னுது."

லொடுக்கு அவளை ஓரமாக இழுத்துப் போனான். "மேடம், ஸ்டேஷன்ல அந்தப் பேட் நேரா இருந்துச்சே?"

"இருந்தது. பேட் தானாத் திரும்பாது லொடுக்கு."

"அப்ப இவருக்கு அப்புறம் யாரோ அந்தச் சக்கரத்தைக் கழட்டியிருக்காங்க!"

"கழட்டி, நிப்பிளைத் தளர்த்தி, கூடவே இவர் பண்ணின தப்பையும் சரி பண்ணிட்டுப் போயிருக்காங்க. கொலை பண்ண வந்த இடத்துல வேலையைச் சுத்தமா முடிச்சுட்டுப் போற ஆளு யாரு?"

லொடுக்கு தன் முழங்கையைப் பார்த்தான். பதில் அங்கேயே வீங்கியிருந்தது.

இன்ஸ்பெக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. ஷெட்டுக்கு வந்து, சக்கரத்தைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். "இப்ப வேணும்னே தப்பா மாட்டிக் காட்டறான்னு நான் சொல்வேன். கோர்ட்ல வக்கீலும் அதையேதான் சொல்வாரு."

"சரி. கைது பண்ணி என் வண்டியிலயே ஏத்துங்க. போற வழியில பட்டறையில ஒரு நிமிஷம் நிறுத்திக்கறேன்."

"இந்தப் பேட்டோடயா?"

"இந்தப் பேட்டோடதான்."

---

பிரேக்கை முதல் தடவை தொட்டபோதே தெரு திரும்பிப் பார்த்தது. இரும்பு இரும்பைத் தின்னும் அந்தக் கிறீச்சலில் நாய்கள் குரைத்தன. ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்துக்கொண்டார். துருவி இறக்கத்தைத் தவிர்த்து, சமதளச் சாலையில் நடைவேகத்தில் ஓட்டினாள்.

"இந்தச் சத்தத்தோட நீங்க எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க சார்?"

"தெருமுனை தாண்ட மாட்டேன். இறங்கி உதைப்பேன்."

பின் இருக்கையில் கணவனுக்குப் பக்கத்தில் இருந்த லொடுக்கு காதில் விரலை விட்டிருந்தான். "என் பொண்டாட்டி கோபத்துல கூட இந்த ஸ்தாயி வந்ததில்ல."

பட்டறை வாசலில் துருவி பிரேக்கை அழுத்தி மிதித்தாள். வண்டி அலறிக்கொண்டு நின்றது. உள்ளே ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் சரேலென்று வெளியே வந்தான். காலையில் அவன் முகத்தில் தண்ணீர் பாய்ச்சிய பெண் எதிரே நிற்கிறாள். பின்னால் அவன் கொல்லத் துடிக்கிற ஆள் உட்கார்ந்திருக்கிறான். இரண்டையும் அவன் பார்த்தான். ஆனால் சத்தம் வந்த இடத்துக்குத்தான் போனான்.

"இடது முன் சக்கரம். டிஸ்க்கை நாசம் பண்ணிட்டீங்களே! எவன் மாட்டினது?"

"நான்" என்று இறங்கினான் கணவன்.

மெக்கானிக்கின் கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் கை ஏற்கனவே ஜாக்கியைத் தள்ளிக்கொண்டிருந்தது. வண்டி எழுந்தது. அடியில் முட்டுக்கூடக் கொடுக்காமல் மளமளவென்று நட்டுகளைக் கழற்றிச் சக்கரத்தைத் தரையில் வீசினான். பேட்களைப் பிடித்திருக்கும் இரும்புக் கவ்வியைத் தூக்கி, உள்பக்கப் பேட்டை உருவித் திருப்பி, மறுபடி செருகினான். கணவன் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிய வேலை இவனுக்கு ஒரு மூச்சு. திட்டிக்கொண்டேதான் செய்தான்.

"அறிவு இருக்கற நாய் ஒரு தடவைதான்டா தப்புப் பண்ணும். அன்னிக்கும் உள்பக்கத்தைத் திருப்பி வச்சிருந்தே, இன்னிக்கும் அதே உள்பக்கத்தை..."

நாக்கு நின்றது. கையும் நின்றது.

"சொல்லுங்க" என்றாள் துருவி. "அன்னிக்குத் திருப்பி வச்சிருந்தாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? ஸ்டேஷன்ல நிக்கற வண்டியில அது நேராத்தானே இருக்கு?"

மெக்கானிக் தரையில் கிடந்த ஸ்பானரை எடுத்து இன்ஸ்பெக்டரின் முகத்தில் அடித்தான். மூக்கு உடைந்த சத்தம் பட்டறைக்கே கேட்டது. அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு சரிவதற்குள், அவன் கணவனின் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, ஸ்பானர்கள் மாட்டியிருந்த சுவரோடு சேர்த்து அறைந்தான். இரும்புகள் சடசடவென்று உதிர்ந்தன. கணவனின் கால்கள் தரையைத் தேடின. லொடுக்கு பின்னால் இருந்து பாய்ந்து மெக்கானிக்கின் முதுகில் தொற்றினான். முழங்கையால் ஒரு இடி வாங்கி டயர் குவியலில் போய் விழுந்தான். துருவி ஒரு இரும்புக் குழாயை எடுத்து மெக்கானிக்கின் முழங்காலின் பின்னால் ஓங்கி அடித்தாள். அவன் ஒரு காலில் மடங்கினான். பிடியை மட்டும் விடவில்லை. கணவனின் முகம் கறுத்துக்கொண்டே போனது. இன்னும் சில நொடிகள்தான்.

துருவி அவன் காதருகில் குனிந்தாள்.

"நீங்க அந்தப் பேட்டைத் திருப்பாம விட்டிருக்கலாம். இப்ப என் வண்டி கத்தின மாதிரி தெருமுனையிலயே கத்தியிருக்கும். அவ பயந்து நிறுத்தியிருப்பா. இறங்கி நடந்து வீட்டுக்குப் போயிருப்பா."

பிடி தளர்ந்தது. கணவன் கீழே விழுந்து இருமினான்.

மெக்கானிக் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நான் யோசிக்கலை. ராத்திரி ஷெட்டுக்குள்ள புகுந்து, நிப்பிளைத் தளர்த்தத்தான் சக்கரத்தைக் கழட்டினேன். பேட் தலைகீழா இருந்துச்சு. கை தானாத் திருப்பிடுச்சு. அப்படி விட்டுட்டு வர என்னால முடியலை."

"யாரைக் கொல்லப் போனீங்க?"

"இவனைத்தான்! பாப்பா ஜாக்கி கேட்டு வந்தா. 'அவரே பிரேக் மாத்தப் போறாராம் அண்ணா'ன்னு சிரிச்சா. கன்னத்துல அந்த அடியோட தடம் இன்னும் மறையலை. முதல் தடவை செய்யறவன், எதையோ தளர்த்திட்டான்னு ஊரே சொல்லும்னு நினைச்சேன்." கணவனின் சட்டையைப் பிடித்து உலுக்கினான். "தினமும் நீதானேடா வண்டியை எடுப்பே? அன்னிக்கு மட்டும் எதுக்குடா அவகிட்ட சாவியைக் கொடுத்தே?"

கணவனுக்குக் குரல் வர நேரமாயிற்று.

"நான் கொடுக்கலை மச்சான். காலையில சண்டை. நான் மாட்டின பிரேக்கை நம்ப முடியாதுன்னா. எனக்குக் கோபம் வந்து கை ஓங்கினேன். சாவியைப் பிடுங்கிக்கிட்டா. 'நீங்க இதுல போக வேண்டாம். அண்ணன் ஒரு தடவை பார்த்துட்டா எனக்கு நிம்மதி'ன்னா." அவன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். "போலீஸ்ல சொல்லலை. சண்டைன்னு தெரிஞ்சா என்மேலதான் சந்தேகப்படுவாங்கன்னு பயந்தேன். அவ உங்ககிட்டத்தான் வந்துட்டிருந்தா மச்சான்."

இன்ஸ்பெக்டர் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இடுப்பில் விலங்கைத் தேடினார். அந்த இடைவெளி போதுமாக இருந்தது. மெக்கானிக் சக்கரம் இல்லாமல் தூக்கி நின்ற துருவியின் காருக்கு அருகே மண்டியிட்டான். வலது கையை டிஸ்க்குக்கு நேர் கீழே தரையில் விரித்து வைத்தான். இடது கையால் ஜாக்கியின் கைப்பிடியைத் திருகினான்.

வண்டி இறங்கியது. எலும்புகள் நொறுங்குவதை எல்லோரும் கேட்டார்கள். அலறியது லொடுக்குதான்.

இன்ஸ்பெக்டரும் லொடுக்கும் ஓடிப்போய் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கப் பார்த்தார்கள். அது அசையவில்லை. ஜாக்கியிடம் முதலில் போய்ச் சேர்ந்தது கணவன். கைப்பிடியைத் திருகி இறுக்கிவிட்டு, கழுத்தில் விரல் தடங்களோடு, அழுதுகொண்டே வெறி பிடித்தவனாக அதை மேலும் கீழும் அடிக்க ஆரம்பித்தான். அங்குலம் அங்குலமாக வண்டி எழுந்தது.

"கையை எடுங்க மச்சான். போதும், எடுங்க."

வண்டி நன்றாக மேலே போன பிறகும் மெக்கானிக் கையை அங்கேயே வைத்திருந்தான்.